குளத்தில் மீன் மிதக்கிறதா? மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மீன் செத்து மிதந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் ஓடுவது மருந்துக் கடைக்குத்தான். கடைக்காரரும் ஏதோ ஒரு டப்பாவை எடுத்து நீட்டுவார். அதைக் கொண்டுவந்து தண்ணீரில் கொட்டுவார்கள். மறுநாள் இன்னும் நாலு மீன் மிதக்கும். டெல்டா பக்கம் பண்ணைக்குட்டையிலும் ஊர்க்குளத்திலும் கெண்டை வளர்ப்பவர்கள் போன் செய்தால் நான் முதலில் கேட்பது இரண்டே கேள்விதான்: எந்த நேரத்தில் செத்தது, எந்த மீன் முதலில் செத்தது? இந்த இரண்டுக்கும் சரியான பதில் கிடைத்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும். நோய் என்று நினைத்து வருபவற்றில் பெரும்பங்கு தண்ணீரின் கோளாறுதான்.

கீழே சொல்வதெல்லாம் கட்லா, ரோகு, மிர்கால், புல்கெண்டை, வெள்ளிக்கெண்டை விட்டு வளர்க்கும் மண் குட்டைக்கு. நுண்ணுயிர்களை வைத்துக் கழிவைச் சுத்தம் செய்யும் பயோஃபிளாக் தொட்டிக்கும் உப்புநீர் இறால் பண்ணைக்கும் கணக்கு வேறு.

விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். முதலில் கரையில் நின்று பலமாகக் கை தட்டுங்கள். இரைக்காக மேலே வந்த மீன் சட்டென்று அடியில் போய்விடும், லேசில் திரும்பாது. மூச்சுக்குத் தவிக்கிற மீன் போகாது. போனாலும் அரை நிமிடத்தில் அதே இடத்தில் தலை தெரியும். கட்லாவின் வாய் பிறவியிலேயே மேல்நோக்கித் திறப்பது. மூச்சு முட்டும்போது கீழுதடு துருத்திக்கொண்டு, தண்ணீரின் மேல்பரப்பை வழித்து வழித்துக் குடிக்கும். கரையோரத்தையும் பாருங்கள். நத்தைகள் தண்ணீரை விட்டு மேலே ஏறியிருந்தாலும், நாட்டு இறால் விளிம்பில் வந்து ஒட்டிக்கிடந்தாலும் சந்தேகமே வேண்டாம், ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது.

பகலில் வெயிலில் பாசி ஆக்சிஜனை விடுகிறது. இரவில் அதே பாசியும் மீனும் அடிச்சேறும் சேர்ந்து அதை இழுத்துவிடுகின்றன. அதனால் இருப்பு மிகக் குறைவாக இருப்பது சூரியன் எழும் நேரத்தில். 30 டிகிரி சூட்டில் நன்னீர் காற்றிலிருந்து பிடித்து வைத்துக்கொள்வதே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். கெண்டைக்கு 5 இருந்தால் நிம்மதி. 3-க்குக் கீழே போனால் இரையெடுப்பு நிற்கும். 1-ஐ நெருங்கினால் சாவு.

எந்த மீன் சாகிறது என்பது இங்கே நல்ல சாட்சி. ஆக்சிஜன் பற்றாக்குறையில் பெரிய மீன் முதலில் போகும். வெள்ளிக்கெண்டையும் கட்லாவும் முன்வரிசையில் இருக்கும். விரால், தேளி, பனையேறிக் கெண்டை எல்லாம் ஒன்றும் நடக்காதது போலத் திரியும், ஏனென்றால் அவை காற்றையே நேராக மூச்சிழுப்பவை. செத்த மீனின் வாய் திறந்து, செவுளின் மேல்மூடி விரிந்திருக்கும். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் மீதி மீன் இயல்பாகிவிடும். அதைப் பார்த்து 'சரியாகிவிட்டது' என்று விட்டுவிடுவார்கள். அன்று ராத்திரி மறுபடியும் வரும்.

உடனே செய்ய வேண்டியது தண்ணீரை உடைப்பது. ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் மோட்டாரின் உறிஞ்சுக் குழாயை அடியில் வைக்காமல் மேல்மட்டத்தில் வைத்து, குளத்துத் தண்ணீரையே உயரத்திலிருந்து குளத்துக்குள் சிதறி விழவிடுங்கள். போர் தண்ணீர் விடுவதாக இருந்தாலும் அப்படித்தான். நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் அநேகமாக இருக்காது. குழாயைக் குளத்துக்குள் முக்கிவிட்டால் பயன் இல்லை. ஓட்டை போட்ட தகரத்தின் மேலோ மரக்கிளையின் மேலோ கொட்டி, துளித்துளியாக விழ வேண்டும். கரண்ட் போகும் ஊராக இருந்தால் டீசல் எஞ்சின் ஒன்றைச் சொல்லி வையுங்கள். அன்றைக்கு இரை கிடையாது, சாணம் கிடையாது. இழுவலை போட்டு மீனைப் பிடித்துவிடலாம் என்று இறங்குபவர்கள் உண்டு. அடிச்சேறு கலங்கி, பிழைக்க இருந்ததும் செத்துவிடும்.

எப்போது எதிர்பார்க்க வேண்டும்? தொடர்ந்து இரண்டு மூன்று நாள் மூட்டம் போட்டால். கோடையில் திடீரென்று பெருமழை கொட்டினால், மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்து கீழே இறங்கி, ஆக்சிஜனே இல்லாத அடித்தண்ணீர் மேலே வரும். அடர்ந்து நின்ற பாசி ஒரே நாளில் செத்து நிறம் மாறினாலும் இதே கதைதான்.

ஆக்சிஜன் கிட் அல்லது மீட்டர் கைவசம் இருந்தால் முந்தின இரவே கணித்துவிடலாம். இரவு 8 மணிக்கு ஒரு முறை, 11 மணிக்கு ஒரு முறை பாருங்கள். 8 மணிக்கு 8 இருந்து 11 மணிக்கு 6.5 ஆகியிருந்தால் மணிக்கு அரை வீதம் குறைகிறது. காலை 6 மணிக்கு 3 நிற்கும். மோட்டாருக்கு ஆள் வைத்துவிட்டுத்தான் தூங்க வேண்டும்.

பட்டப்பகலில், சிறிசு பெரிசு என்று எல்லாம் ஒன்றாகச் சாகிறது

இது ஆக்சிஜன் இல்லை. மதியம் மூன்று மணிக்குக் குளத்தில் ஆக்சிஜன் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் மீன் சுழன்று சுழன்று நீந்தினாலோ, பக்கவாட்டில் சாய்ந்து துள்ளினாலோ, குஞ்சுகள் முதலில் போனாலோ விஷத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். விராலும் செத்திருக்கிறதா என்று தேடுங்கள். தவளை, நீர்ப்பூச்சி, இறால் கிடக்கிறதா என்றும் பாருங்கள். காற்றை மூச்சிழுக்கும் மீனும் செத்திருந்தால் மூச்சுத் திணறல் என்ற காரணம் அடிபட்டுப் போகிறது.

அநேகமாக வரும் வழி பக்கத்து வயல். பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் மனிதனுக்கும் மாட்டுக்கும் அவ்வளவு கடுமை இல்லை என்று பேர் வாங்கியவை. மீனுக்கும் இறாலுக்கும் மிகச் சிறிய அளவே போதும். மருந்தடித்த மறுநாள் மழை பெய்து வயல் தண்ணீர் மடை வழியே இறங்கினாலோ, ஸ்பிரேயரைக் குளத்தில் அலசினாலோ முடிந்தது. ஊர்ப்பகையில் யாரோ கலந்துவிட்டார்கள் என்ற பேச்சு உடனே கிளம்பும். அதற்கு முன் யார் வயலில் எப்போது மருந்தடித்தார்கள் என்று விசாரியுங்கள்.

மடையை அடையுங்கள். சுத்தமான தண்ணீர் கிடைத்தால் விடுங்கள். ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஒளி படாமல் ஐஸில் வையுங்கள். நாள் கடந்தால் தடயம் கரைந்துவிடும். இந்த மீனைச் சந்தைக்கு அனுப்பாதீர்கள், வீட்டிலும் சமைக்காதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள்.

தண்ணீர் பச்சைப் பெயிண்ட் கொட்டியது போல் இருக்கிறது

பச்சை நல்லதுதான், எவ்வளவு பச்சை என்பதே கேள்வி. கையைத் தண்ணீரில் நேராக விட்டுப் பாருங்கள். முழங்கை முங்கும்போது உள்ளங்கை மறைந்தால் சரியான அளவு. மணிக்கட்டு முங்கியதுமே விரல் தெரியவில்லை என்றால் அதிகம். தோள்வரை விட்டும் விரல் தெரிந்தால் மீனுக்கு இயற்கை இரை இல்லை. கறுப்பு வெள்ளைத் தட்டு இருந்தால் 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழத்தில் அது மறைய வேண்டும்.

கெட்ட வகை நீலப்பச்சைப் பாசி. காற்றடிக்கும் பக்கத்துக் கரையில் ஆடைபோல ஒதுங்கிக் கெட்டியாக நிற்கும். குச்சியை விட்டு எடுத்தால் நூலாகத் தொங்காது, வண்ணம் பூசியது போல ஒட்டியிருக்கும். கண்ணாடி டம்ளரில் எடுத்து ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் மேலே வந்து மிதக்கும். சில வகைகள் நஞ்சை விடும் என்பதால் ஆடு மாடு அங்கே தண்ணீர் குடிக்க விடாதீர்கள்.

இங்கே பலரும் செய்வது, மயில்துத்தத்தைக் குளம் முழுக்கப் போடுவது. பாசி சாகும், உண்மைதான். செத்த பாசி அழுகி அந்த இரவே ஆக்சிஜனைக் காலி செய்யும், மேலே சொன்ன விடியற்காலைக் காட்சிக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தும். ஆடையாக ஒதுங்கியதைத் துணியாலோ நுண்வலையாலோ வழித்து அள்ளி வெளியே போடுங்கள். சாணம், கோழி எரு, இரை மூன்றையும் நிறுத்துங்கள். கால் பங்குத் தண்ணீரை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். பாசிக்குத் தீனி போடுகிறவர் பெரும்பாலும் நாம்தான். கோயில் தெப்பக்குளங்களும் பாதி இப்படித்தான் கெடுகின்றன. புண்ணியம் என்று பொரியைக் கொட்டிக்கொண்டே இருந்தால் மீன் தின்றது போக மிச்சம் அடியில் ஊறிக் கிடக்கும்.

மதியத்தில் சிவப்புப் படலம், காலையில் பச்சை

பார்க்கப் பயமாக இருக்கும். யூக்ளினா என்ற நுண்ணுயிர்தான் காரணம். கடும் வெயிலில் சிவக்கும், வெயில் தாழ்ந்தால் பச்சைக்குத் திரும்பும். அடியில் மக்கிய கழிவு அதிகம் என்பதற்கு அடையாளம். அடர்த்தியாகப் படர்ந்தால் ஒளி உள்ளே போகாது. சில வகைகள் மீனுக்கு நஞ்சும்கூட. வைக்கோலை முறுக்கிக் கயிறாக்கி, இரண்டு பேர் இரு கரையிலும் பிடித்து மேல்மட்டத்தில் இழுத்து மூலைக்குக் கொண்டுவந்து அள்ளுங்கள். எருவை நிறுத்துங்கள். அவ்வளவுதான்.

தினம் ஒன்றிரண்டு செத்துக்கொண்டே இருக்கிறது, உடலில் புண் எதுவும் இல்லை

அம்மோனியாவைப் பாருங்கள். இரையில் போடும் புரதத்தின் நைட்ரஜனில் சுமார் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் மீனின் சதையாகிறது. மீதியில் பெரும்பங்கு அம்மோனியாவாகத் தண்ணீரில்தான் போகிறது. கடலைப் பிண்ணாக்கை மூட்டை மூட்டையாகக் கரைத்துவிடும் குட்டைகளில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பகுதி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஎச், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு. 30 டிகிரி சூட்டில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சாக இருக்காது. 8 ஆனால் ஏழெட்டு பங்கு. 9 ஆனால் 44 பங்கு. பாசி அடர்ந்த குளத்தில் சாயங்காலம் பிஎச் 9-ஐத் தாண்டுவது சாதாரணம். காலையில் சோதித்து 'எல்லாம் சரி' என்று சொல்லிவிட்டுப் போகிறவரை நம்பாதீர்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரு முறை பாருங்கள்.

இதனால்தான், 'மீன் சாகிறது, சுண்ணாம்பு போடு' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சுட்ட சுண்ணாம்பு பிஎச்சை ஏற்றும். அம்மோனியா உள்ள தண்ணீரில் அது போய் விழுந்தால், அதுவரை சும்மா கிடந்த அம்மோனியாவும் நஞ்சாகும். இரையை இரண்டு மூன்று நாள் அடியோடு நிறுத்துங்கள், தண்ணீரை மாற்றுங்கள், ஏரேட்டரை ஓட விடுங்கள். அம்மோனியாவை உறிஞ்சும் ஜியோலைட் தாது மூட்டைகளும் விற்பனைக்கு வரும். தொட்டிக்குச் சரி, குட்டையின் அளவுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இதே அறிகுறியோடு செவுளும் ரத்தமும் பழுப்பாக இருந்தால் காரணம் நைட்ரைட், அம்மோனியா மாறி உண்டாகும் இன்னொரு நஞ்சு. புதிதாகச் செத்த மீனின் செவுளைத் தூக்கிப் பாருங்கள். நல்ல மீனில் செக்கச்செவேல் என்று இருக்கும், இதில் காப்பித்தூள் நிறம். கல் உப்பு போடுவது இங்கே உண்மையாகவே வேலை செய்யும், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் நுழைய விடாது. செத்துப் பல மணி நேரமான மீனின் செவுள் எப்படியும் வெளுத்துவிடும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மீன் துள்ளுகிறது, கல்லிலும் கரையிலும் உடம்பைத் தேய்க்கிறது

ஒரு ரோகுவைப் பிடித்து ஈரத்துணியில் வைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். துடுப்பின் அடியிலும் செதில் மேலும் பச்சரிசி அளவில், கண்ணாடி போலத் தட்டையாக ஏதோ ஒட்டியிருக்கும். நகத்தால் தொட்டால் நகர்ந்து ஓடும். அதுதான் மீன் பேன். இந்தக் கெண்டைகளில் ரோகுவைத்தான் அதிகம் பிடிக்கும். கடித்த இடம் சிவந்து, அங்கே பாக்டீரியா புகுந்து புண்ணாகும்.

பேன் மீன் மேல் முட்டையிடுவதில்லை. கல், கட்டை, பாசித்தண்டு என்று கெட்டியான இடத்தில் வரிசையாக ஒட்டி வைக்கும். அதைத்தான் நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். மூங்கில் துண்டுகளையோ பழைய பலகைகளையோ குளத்தில் ஆங்காங்கே நட்டு, நாலைந்து நாளுக்கு ஒரு தடவை எடுத்து வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். முட்டையோடு காய்ந்துபோகும். செலவே இல்லாத வேலை, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். மருந்து அடித்தாலும் முட்டை சாகாது. இரண்டு வாரத்தில் புதுப்பேன் பொரிந்து வரும்போது இரண்டாவது முறையும் தேவைப்படும். குளத்தில் இறாலும் இருந்தால் பேன் மருந்தைத் தொடவே தொடாதீர்கள், பேனும் இறாலும் ஒரே இனக்கூட்டம்.

மருந்து எதுவானாலும் கொள்ளளவுக் கணக்கு முக்கியம். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் என்றால் ஏறத்தாழ 6,070 கன மீட்டர் தண்ணீர். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று சொன்னால் கன மீட்டருக்கு ஒரு கிராம், அதாவது 6 கிலோ. சித்திரையில் தண்ணீர் பாதியாக வற்றியிருக்கும்போது ஐப்பசி அளவையே போட்டால் இரட்டை மருந்து. 'ஏக்கருக்கு இவ்வளவு' என்று மட்டும் எழுதியிருக்கும் டப்பாவை வாங்காதீர்கள்.

மார்கழி, தையில் சிவப்புப் புண், சதை குழிந்து தெரிகிறது

மழை ஓய்ந்து தண்ணீர் குளிரும் மாதங்களில் வரும் நோய் இது. முதலில் உடம்பில் சிவப்புப் புள்ளி, அப்புறம் செதில் உதிரும், அப்புறம் சதை அரித்துக் குழியாகும். அஃபனோமைசஸ் என்ற பூஞ்சை போன்ற உயிரி சதைக்குள் வேர்விட்டுப் போவதுதான் காரணம். இந்தியாவுக்குள் இது வந்தது 1988-ல். விரால், கெளுத்தி, கெண்டைப்பொடி, மிர்கால் எல்லாம் மாட்டும். திலேப்பியாவும் சாதாக் கெண்டையும் பெரும்பாலும் தப்பிவிடும். அப்படி எந்த இனம் தப்பியிருக்கிறது என்று பார்ப்பதே பாதி நோய்க்கணிப்பு.

குழிப்புண் வந்த மீனைக் காப்பாற்ற முயல வேண்டாம், எடுத்துப் புதைத்துவிடுங்கள். மற்றவற்றுக்கு புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சிஃபாக்ஸ் என்ற மருந்து இருக்கிறது. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஒரு லிட்டர். இந்த நோய்க்குச் சுண்ணாம்பு உதவும். அம்மோனியா இல்லை என்று உறுதி செய்துவிட்டு, பல தவணையாகப் போடுங்கள். பருவமழைக்கு முன்பே மடையில் நெருக்கமான வலை கட்டி, வெள்ளத்தோடு வாய்க்கால் மீன் உள்ளே வராமல் தடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

தண்ணீர் எப்போதும் செம்மண் கலங்கலாகவே இருக்கிறது

ஒரு பாட்டிலில் பிடித்து ஒரு நாள் வையுங்கள். தெளிந்துவிட்டால், யாரோ கலக்குகிறார்கள்: சாதாக் கெண்டை அதிகம், அல்லது எருமை இறங்குகிறது. தெளியவே இல்லை என்றால் களிமண் துகள். ஜிப்சம் போட்டுப் பார்க்கலாம். படிகாரமும் தெளிய வைக்கும், ஆனால் பிஎச்சை இறக்கிவிடும். முதலில் வாளித் தண்ணீரில் சோதித்துவிட்டுக் குளத்துக்குப் போங்கள். கரையில் புல் இல்லாமல் மழையில் மண் கரைந்து இறங்குகிறது என்றால் எதைப் போட்டாலும் அடுத்த மழைவரைதான்.

சாவும் இல்லை, வளர்ச்சியும் இல்லை

வீச்சுவலை போட்டு மாதம் ஒரு தடவை பத்துப் பதினைந்து மீனை எடைபோடாமல் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். எடை உண்மையிலேயே ஏறவில்லை என்றால் முதல் சந்தேகம் நெரிசல். கூட்டுமீன் வளர்ப்பில் ஏக்கருக்கு 4,000 குஞ்சு என்பதே தாராளம். 'பாதி செத்துப்போகும்' என்று எண்ணி இரண்டு மடங்கு விடுவார்கள். பாதி சாகவில்லை என்றால் எல்லாமே விரல் தடிமனில் நிற்கும். திலேப்பியா எப்படியோ உள்ளே வந்திருந்தால் அது குட்டிமேல் குட்டி போட்டு இரையைத் தின்றுகொண்டிருக்கும்.

எண்ணிக்கையே குறைகிறது, பிணமும் மிதக்கவில்லை என்றால் தின்பவர் யார் என்று தேடுங்கள்: நீர்க்காகம், தண்ணீர்ப் பாம்பு, விரால். வலையில் நீண்ட மீசையோடு பெரிய ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தால் திரும்ப விடாதீர்கள். 2000-ல் மத்திய அரசு தடை செய்த மீன் அது. இன்னும் சில இடங்களில் ரகசியமாக வளர்க்கிறார்கள், வெள்ளம் வரும்போது அடுத்தவர் குளத்துக்கு வந்துவிடுகிறது. இரண்டு கால் மிருகத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் பௌர்ணமிக்கு வருவதில்லை.

எதிலும் அடங்கவில்லை என்றால்

மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி போன்ற இடத்துக்கோ மாதிரி அனுப்புங்கள். ஊதிப்போன பிணத்தை அல்ல, அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. தள்ளாடிக்கொண்டிருக்கிற மீன் மூன்று நான்கைப் பிடித்து, பிளாஸ்டிக் பையில் தண்ணீர் இல்லாமல் கட்டி, பையைச் சுற்றி ஐஸ் வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் திசு சிதைந்துவிடும். குளத்துத் தண்ணீரைத் தனிப் பாட்டிலில், காற்று இல்லாமல் வாய்வரை நிரப்பி மூடுங்கள். கூடவே ஒரு தாளில்: எப்போது ஆரம்பித்தது, எந்த நேரத்தில், எந்த இனம், எந்த அளவு மீன், கடைசி ஒரு வாரத்தில் குளத்தில் போட்டவை எல்லாம், பக்கத்து வயலில் என்ன பயிர், மழை பெய்ததா. போட்ட மருந்தின் பெயரை மறைக்காமல் எழுதுங்கள். காலி டப்பாவையே பையில் போட்டு அனுப்பினாலும் சரி.